விண்மீனிலும் ஓதம் உண்டு



தீபாவளிக்குத் துணிமணி வாங்கச் சிங்கப்பூர் வரும் தோட்டத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் சிராங்கூன் சாலையோடு நின்றுவிடுகின்றன. தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோவில், நகைக்கடை, பிறகு பேருந்து. அந்தச் சாலையின் தென்முனையில் ஒரு கால்வாய் குறுக்கே ஓடுகிறது. ரோச்சோர் கால்வாய் என்று பெயர். அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. இன்று நாம் பேசப்போவது வானத்தில் வெகு தொலைவில் உள்ள சில உலகங்களைப் பற்றி. ஆனாலும் அந்தக் கால்வாயிலிருந்து தொடங்குவதே எளிது.

ரோச்சோர் ஆறு காலாங் முகத்துவாரத்தில் சேர்ந்து, அங்கிருந்து கடலுக்குப் போகிறது. முன்னாளில் கடல்நீர் நாளுக்கு இரண்டு முறை இந்த ஆறுகளுக்குள் ஏறி, இரண்டு முறை வடியும். சிராங்கூன் சாலையை ஒட்டிய தாழ்நிலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லாததால்தான் அங்கே மாட்டுக் கொட்டில்கள் பெருகின. ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்பதே பொருள். கடல் ஏறும் நேரமும் பெருமழையும் ஒன்றாக வந்துவிட்டால், மழைநீர் போக வழியின்றி ஜாலான் புசார் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகும். 2008ஆம் ஆண்டில் மரீனா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளத்துக்கு அணை ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். அதில் ஒன்பது எஃகுக் கதவுகள். கடல் தாழ்ந்திருக்கும்போது கதவைச் சாய்த்து மழைநீரை வெளியே விடுவார்கள். கடல் உயர்ந்திருக்கும்போது கதவை மூடிவிட்டு, ஏழு பெரிய பம்புகளால் நீரை இறைத்துக் கடலில் ஊற்றுவார்கள். ஆகவே இன்று ரோச்சோர் கால்வாயில் கடல் ஏறுவதில்லை. அணைக்கு வெளியே அது வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை மலாய்க்காரர்கள் ‘பாசாங் சூருட்’ என்பார்கள். தமிழில் ஓதம் என்ற பழைய சொல் உண்டு. அதையே நாம் வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்க் கரையில் பெரிய ஓத நாள்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் ஏறி இறங்கும்.

ஓதத்துக்குக் காரணம் சந்திரன் இழுப்பது என்று பள்ளிப்பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் சந்திரன் ஒரு பக்கம்தானே இருக்கிறது, நாளுக்கு இரண்டு ஏற்றம் ஏன்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

தைப்பூச ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து தேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவிலுக்குக் காவடிகள் போகின்றன. வரிசையாக மூவர் நடக்கிறார்கள். முன்னால் போகிறவர் வேகமாகவும், நடுவில் உள்ளவர் சற்று மெதுவாகவும், பின்னால் வருபவர் இன்னும் மெதுவாகவும் நடந்தால் என்ன ஆகும்? நடுவில் இருப்பவரின் கண்ணுக்கு, முன்னவர் விலகி முன்னே போகிறார், பின்னவர் விலகிப் பின்தங்குகிறார். இரண்டு பக்கமும் இடைவெளி கூடுகிறது. சந்திரன் பூமியை இழுப்பதும் அப்படியே. அருகில் உள்ள பக்கத்துக்கு இழுப்பு அதிகம், நடுப்பகுதிக்கு அதைவிடக் குறைவு, எதிர்ப்பக்கத்துக்கு இன்னும் குறைவு. ஆகவே சந்திரனை நோக்கிய பக்கம் ஒரு புடைப்பும், அதற்கு நேர் எதிரே மற்றொரு புடைப்பும் எழுகின்றன. பூமி சுழலும்போது நாம் இரண்டு புடைப்புகளையும் கடந்து போகிறோம். அதனால்தான் இரண்டு ஏற்றம். சூரியனும் தன் பங்குக்கு இழுக்கிறது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் இரண்டு இழுப்பும் ஒரே கோட்டில் சேர்ந்துவிடும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், காவடி போகும் அந்த நாள்களில் கடலும் பெரிய ஓதத்தில்தான் இருக்கும்.

ஓதம் தண்ணீரில்தான் எழும் என்றில்லை. கடினமான பாறைத்தரையும் சிறிதளவு உப்பி அடங்குகிறது. அப்படியென்றால் கொதிக்கும் வாயுப் பந்தாகிய ஒரு விண்மீன் மட்டும் விலக்கா? நம் சூரியனையே எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றும் கோள்களில் பெரியது வியாழன். அது சூரியன்மீது எழுப்பும் ஓதத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. சிரிப்பு வருகிறது அல்லவா? ஏன் இவ்வளவு அற்பம் என்றால், வியாழன் 78 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தொலைவு பாதியானால் ஓதத்தின் வலிமை இரண்டு மடங்கு கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். எட்டு மடங்கு கூடும். தொலைவு பத்தில் ஒன்றானால் ஆயிரம் மடங்கு. ஓதத்தைப் பொறுத்தவரை, கிட்ட இருப்பதுதான் பெரிய விஷயம்.

வியாழனைப் போன்ற ஒரு பெருங்கோள் தன் விண்மீனுக்கு மிக அருகில் இருக்க முடியுமா? முடியாது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1995ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் மேயரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் ஒரு பெருங்கோளைக் கண்டார்கள். அது தன் விண்மீனை 4 நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் சுற்றி முடிக்கிறது. நம் வியாழனுக்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 ஆண்டு ஆகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2019ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு இத்தகைய சூடான பெருங்கோள்கள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன.

சரி, தொலைவில் ஒளிப்புள்ளியாகத் தெரியும் விண்மீனில் ஓதம் எழுந்திருப்பதை எப்படிப் பார்ப்பது? எந்தத் தொலைநோக்கியிலும் அதன் உருவம் முட்டையாகத் தெரியப்போவதில்லை. ஒளி கூடுவதும் குறைவதும்தான் தெரியும். ஒரு பப்பாளிப் பழத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பிடித்தால் பரப்பு பெரிதாகத் தெரிகிறது. காம்பு நம்மை நோக்கி இருக்கும்படி திருப்பினால் சிறிய வட்டம்தான் தெரிகிறது. கோள் இழுத்து நீட்டிய விண்மீனும் இப்படித்தான். கோள் ஒரு முறை சுற்றி வருவதற்குள் புடைப்பும் அதனுடன் சுற்றுகிறது. நமக்கு விண்மீனின் பக்கவாட்டு இரண்டு முறை தெரியும், முனை இரண்டு முறை தெரியும். ஆகவே ஒரு சுற்றுக்குள் விண்மீன் இருமுறை சற்றே பிரகாசிக்கும், இருமுறை சற்றே மங்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் என்ற நம் கடற்கரைக் கணக்கேதான்.

‘சற்றே’ என்றேன். எவ்வளவு என்று சொன்னால்தான் அந்த வேலையின் அருமை புரியும். தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலை நெடுக விளக்கு அலங்காரம் பார்த்திருப்பீர்கள். பேச்சுக்காகப் பத்து இலட்சம் சிறு பல்புகள் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 37 பல்புகள் அணைந்தால் சாலையில் நிற்கும் உங்களுக்குத் தெரியுமா? ஹாட்-பி-7 என்ற விண்மீனில் ஓதத்தால் ஏற்படும் ஒளி மாற்றம் அந்த அளவுதான். 2009ல் விண்ணில் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கியின் பதிவுகளைக் கொண்டு 2010ல் இதை வெளியிட்டார்கள். ஒரு கோள் தன் விண்மீனில் எழுப்பிய ஓதத்தை மனிதர் கண்டறிந்தது அதுவே முதல் தடவை. தரையிலிருந்து இதைச் செய்வது மிகக் கடினம். நம் தலைக்கு மேலுள்ள காற்று அசைவதால்தான் விண்மீன்கள் கண் சிமிட்டுகின்றன. அந்தச் சிமிட்டலில் இவ்வளவு சின்ன மாற்றம் அடித்துக்கொண்டு போய்விடும்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “டீச்சர், கோள் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதே, அப்புறம் ஓதத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?” நல்ல கேள்வி. இந்தப் பேச்சின் உயிர்நாடியே அதற்கான பதில்தான்.

கோள்களைக் கண்டுபிடிக்கும் வழிகளில் இன்று அதிகம் பயன்படுவது நிழல் வழி. கோள் விண்மீனுக்கு முன்னால் கடந்துபோகும்போது ஒளி சிறிது குறையும். விண்மீன் மங்குவதை வைத்துக் கண்ணுக்குத் தெரியாததை அறிவது நம்மவர்க்கும் புதிதல்ல. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வு நிலையத்திலும் கண்விழித்துப் பார்த்தார்கள். மறைப்பதற்கு முன்பே விண்மீன் மங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அன்று வெளிப்பட்டது. நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய பழைய வடஆர்க்காட்டுச் சீமையில்தான் அந்தக் காவலூர் இருக்கிறது.

நிழல் வழியில் ஒரு குறை உண்டு. நிழல் அளவைச் சொல்லும், எடையைச் சொல்லாது. உமி மூட்டையும் அரிசி மூட்டையும் சுவரில் ஒரே அளவு நிழல்தான் போடும். தூக்கிப் பார்த்தால் அல்லவா வேறுபாடு தெரியும்? வானத்தில் இது பெரிய சிக்கல். வியாழன் அளவுள்ள ஒரு கோளும், அதைப்போல் ஐம்பது அறுபது மடங்கு எடையுள்ள, விண்மீனாக முடியாமல் போன ஒரு மங்கலான பொருளும், ஏன், மிகச் சிறிய விண்மீன்களுங்கூட, பருமனில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். நிழலை மட்டும் பார்த்துக் கோள் என்று பதிந்துவிட்டால், நாளைக்கு அது கோளே அல்ல என்று ஆகிவிடலாம். எடை தெரிந்தாக வேண்டும்.

பால் கொட்டகைத் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு நிறுவை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வாளியின் அளவைப் பார்த்து யாரும் கணக்கு எழுதுவதில்லை. தராசு முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. அந்த முள்ளைக் கிராணி பார்க்கும்போதே நாமும் எட்டிப் பார்ப்போம், ஏனென்றால் மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம் அதில் இருக்கிறது. ஓதம் வானத்தில் உள்ள தராசு. கோள் கனமாக இருந்தால் விண்மீன் அதிகம் புடைக்கும், இலேசாக இருந்தால் குறைவாகப் புடைக்கும். விண்மீனின் பருமனும், கோள் எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது என்பதும் தெரிந்தால், ஒளி ஏறி இறங்கும் அளவிலிருந்து கோளின் எடையைக் கணக்கிட்டுவிடலாம்.

இந்தத் தராசைக் கொண்டு புதிய கோளையே தேடலாம் என்று இஸ்ரேலில் உள்ள டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் சிம்கோன் ஃபைக்லரும் ட்ஸ்வி மாசேயும் முனைந்தார்கள். அவர்கள் மூன்று அடையாளங்களை ஒன்றாகத் தேடினார்கள். ஒன்று, நாம் பேசிய ஓதம். இரண்டு, விண்மீன் நம்மை நோக்கி அசையும்போது அதன் ஒளி சிறிது கூடுவது. இது ஐன்ஸ்டைனின் கொள்கையிலிருந்து வருவது. மூன்று, கோள் விண்மீனின் ஒளியைப் பிரதிபலித்து நம் நிலாவைப்போல் வளர்ந்து தேய்வது. ஒரு சுற்றில் ஓதம் இருமுறை ஏறி இறங்கும். மற்ற இரண்டும் ஒருமுறைதான், அதுவும் வெவ்வேறு சமயத்தில். அதனால் மூன்றையும் பிரித்தெடுக்க முடிகிறது. இம்மூன்றின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து எழுத்துகளைச் சேர்த்து அவர்கள் வைத்த சுருக்கப்பெயர் ‘பீர்’ என்று ஒலிக்கிறது. தோட்டத்துப் பள்ளியில் இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ‘மூவகை ஒளி முறை’ என்றே சொல்லி வருகிறேன்.

பெயர் எப்படி இருந்தாலும் முறை பலித்தது. கெப்ளர் தொலைநோக்கி சுமார் ஒன்றரை இலட்சம் விண்மீன்களை ஓயாமல் பார்த்துப் பதிந்து வைத்திருந்தது. அந்தக் குவியலிலிருந்து இம்முறை பொறுக்கி எடுத்த கோள்தான் கெப்ளர்-76-பி. 2013ல் அறிவிக்கப்பட்டது. எடை வியாழனைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஒரு சுற்றுக்கு ஒன்றரை நாள். அதன் நிழல் விண்மீனின் விளிம்பை மட்டும் உரசிப் போகிறது. ஒரு தராசை நம்பி நின்றுவிடாமல், அமெரிக்காவிலும் பிரான்சிலும் உள்ள தொலைநோக்கிகளால் அந்த விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை அளந்து எடையைச் சரிபார்த்த பிறகே அறிவித்தார்கள். அப்படிச் சரிபார்ப்பது வீண் வேலையல்ல. கெப்ளர்-13 என்ற விண்மீனின் கோளுக்கு ஓதம் ஒரு எடையையும், இரண்டாவதாகச் சொன்ன ஒளிக்கூடுதல் வேறொரு எடையையும் காட்டின. வேகமாகச் சுழலும் சூடான விண்மீன்களில் ஓதம் நாம் நினைப்பதுபோல் எளிதாக எழுவதில்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

ஓதம் மிகப் பெரிதாக எழுந்திருக்கும் விண்மீன்களில் ஒன்று வாஸ்ப்-18. தென்வானில் ஃபீனிக்ஸ் என்ற விண்மீன் கூட்டத்தில், சுமார் 400 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம். அதன் கோள் வியாழனைப்போல் பத்து மடங்கு கனம், ஒரு சுற்றை 23 மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. 2018ல் ஏவப்பட்ட டெஸ் என்ற செயற்கைக்கோள் அளந்தபோது ஒளி மாற்றம் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 190 பங்கு இருந்தது. புடைப்பின் உயரத்தைக் கணக்கிட்டால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. சிங்கப்பூர்க் கரையின் 3 மீட்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூருக்கென்றே பெயர் பெற்ற கோளும் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் கொடுத்துப் பெயர் சூட்டச் சொன்னது. சிங்கப்பூருக்குக் கிடைத்தது மீன ராசியில் உள்ள வாஸ்ப்-32. அதற்குச் சூட்டிய பெயர் பாரும்லியோ, இலத்தீனில் சிறிய சிங்கம். கோளின் பெயர் விக்குலஸ், அதாவது சிற்றூர். கம்பத்து வாழ்க்கையை நினைவில் வைத்த பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. மலேசியா தனக்குக் கிடைத்த விண்மீனுக்கு இந்தான் என்றும் கோளுக்குப் பைடூரி என்றும் பெயரிட்டது. வைரம், ஒருவகை மணிக்கல். பைடூரி என்ற மலாய்ச் சொல்லும் நம் வைடூரியமும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. விக்குலஸ் வியாழனைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் கனம், ஒரு சுற்றுக்கு 2.7 நாள். அது சிறிய சிங்கத்தில் எழுப்பும் ஓதத்தை நாமே கணக்குப் போடலாம். ஒளி மாற்றம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு அளவில்தான் வரும். நம் சிராங்கூன் சாலைக் கணக்கில் பத்து பல்பு.

இனி ஓதம் செய்யும் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். பூமி வேகமாகச் சுழல்வதால் கடலின் புடைப்பு சந்திரனுக்கு நேராக நிற்காமல் சற்று முன்னே தள்ளப்படுகிறது. அந்தப் புடைப்பு சந்திரனை முன்னோக்கி இழுக்கிறது. அதனால் சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது. 1969ல் தொடங்கி அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து இதை அளந்திருக்கிறார்கள். விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெருங்கோளின் கதை தலைகீழ். அங்கே விண்மீன் மெதுவாகச் சுழல்கிறது, கோள் விரைந்து சுற்றுகிறது. ஆகவே புடைப்பு கோளுக்குப் பின்தங்கி நின்று அதைப் பின்னோக்கி இழுக்கிறது. கோள் சிறிது சிறிதாக உள்ளே இறங்குகிறது.

வாஸ்ப்-12 என்ற விண்மீனின் கோளில் இது கண்கூடாகத் தெரிந்துவிட்டது. 2008ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கோள் 26 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. பத்தாண்டுக்கு மேல் அதன் நிழல் விழும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் சுற்றும் நேரம் 29 மில்லிசெகண்டு குறைகிறது என்று 2020ல் உறுதி செய்தார்கள். ஒரு செகண்டை ஆயிரம் கூறாக்கினால் அதில் 29 கூறு. தராசு முள் அசைவதுகூடத் தெரியாத வேகம். ஆனாலும் இதே போக்கில் போனால், தான் எழுப்பிய ஓதமே இழுத்து, அந்தக் கோள் ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆண்டுகளில் தன் விண்மீனுக்குள் விழுந்துவிடும்.